அருவியில் வாங்கிய வாக்கு

"இந்தக் கட்டத்துல என்னட்டி எழுதியிருக்கே?"

"இல்லைன்னு எழுதியிருக்கேம்மா."

"என்ன இல்லை?"

"படிப்பு போக வேற என்னெல்லாம் கத்துக்கிட்டேன்னு காலேசுல கேட்டிருக்காவ. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதுல்லா. அதான்."

குழல்வாய்மொழி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்ட சொக்கம்மாள்தான் விண்ணப்பத்தை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் பெயர், ஊர், தகப்பன் தொழில் எல்லாம் முத்து முத்தாக எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் போய் இப்படிக் கையை விரித்திருந்தாள் பெண்.

சொக்கம்மாள் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வல்லிநாயகத்தின் மனைவி. ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்தியவர் அவளுடைய சொந்த அண்ணன் நாறும்பூநாதன். அன்றைக்கு அவள் அழக்கூட இல்லை. அழுதால் அண்ணனுக்குப் பிடிக்காது. அச்சன்புதூரில் நெல்வயலும், உழவு மாடும், அந்த மாடே மிரளும்படியான ஒரு குரலும் உடைய அந்த அண்ணன் இப்போது தன் மகன் நயினாருக்குக் குழல்வாய்மொழியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார் என்பது நாம் மரியாதைக்குச் சொல்வது. தங்கை மகள் முறைப்பெண். முறை இருக்கிறவர் எதற்குக் கேட்க வேண்டும்? "பள்ளிக்கூடம் முடிஞ்சாச்சுல்லா, ஆவணியில வச்சுக்கிடுவோம்" என்று தேங்காய் உடைத்தாற்போலச் சொல்லிவிட்டுப் போனார். கல்லூரி என்ற பேச்சு வந்தபோது சிரித்தார்.

"இடம் கெடச்சா படிக்கட்டும். யாரு வேண்டாங்கா?"

அந்தச் சிரிப்புத்தான் சொக்கம்மாளின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"அதை அழி," என்றாள் மகளிடம்.

"எதை?"

"அந்த இல்லையை. பரீட்சை முடிவு வரதுக்குள்ள இந்தக் கட்டம் நெறையணும். லீவு பூராவும் சும்மாதானே கெடக்கு."

"எனக்குக் கணக்கு நல்லா வரும்மா. அது போதாதா?"

"கணக்கு உங்க அப்பாவுக்குந்தான் வருது. அவுகளை எந்தக் காலேசுல கூப்பிட்டாவ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த வல்லிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாயில்லாப் பூச்சி. கடையில் குடத்தைத் தட்டிக் காட்டி ஓசை எழுப்புவதோடு சரி. வீட்டுக்குள் அவரிடமிருந்து ஓசை வராது.

"பாட்டா, தையலா, எதைச் சேக்கப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

"விவரம் தெரிஞ்சவுககிட்ட கேட்டுத்தான் சேக்கணும்."

விவரம் தெரிந்தவர் மறுநாளே கிடைத்தார். கடைக்கு உலகம்மை என்ற சமையற்காரி ஈயம் பூசப் பாத்திரம் கொண்டுவந்தாள். யார் வீட்டுப் பாத்திரம் என்று வல்லிநாயகம் பேச்சுக்குக் கேட்டதில், அது பாளையங்கோட்டைப் பெண்கள் கல்லூரியின் பிரின்ஸ்பால் ஜெபமலர் அம்மாளுடையது என்று தெரிந்தது. விண்ணப்பம் போகவேண்டிய அதே கல்லூரி. அந்த வருஷம் கோடை மழை மலைமேல் முந்திக்கொண்டு கொட்டியதால் சித்திரையிலேயே அருவியில் தண்ணீர் விழுந்தது. அம்மாள் விடுமுறைக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களா எடுத்துத் தங்கியிருந்தார்.

செய்தி கேட்டதும் சொக்கம்மாள் போட்டது போட்டபடி கடைக்கு வந்துவிட்டாள்.

"நான் அவுகளை ஒரு வார்த்தை பாக்கணுமே, உலகம்மை."

"பாக்க முடியாது, ஆச்சி. காலேசு விசயம்னு யார் வந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிருவாவ. சிபாரிசுன்னா அவுகளுக்கு வேப்பங்காய். காலம்பற அருவிக்கு மட்டும் வருவாவ. துண்டும் சோப்புப் பெட்டியுமா நான்தான் கரையில நிப்பேன்."

சொக்கம்மாளுக்கு அது போதும். மறுநாள் விடியும்போதே குற்றாலத்தில் இருந்தாள்.

பேரருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் இருந்தது. கரையில் உலகம்மையைப் பார்த்தாள். உலகம்மை கண்ணால் காட்டிய இடத்தில், விழுகிற தண்ணீருக்கு நேர் அடியில், கண்ணை மூடிக்கொண்டு கம்பீரமாக நின்றார் ஜெபமலர் அம்மாள். சொக்கம்மாள் முழங்கையாலேயே வழி பண்ணிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் ஒண்டினாள். தண்ணீர் மண்டையில் இடித்தது. அதைப் பார்த்தால் ஆகுமா?

"அம்மா, என் பிள்ளையை உங்க காலேசுல சேக்கணும். லீவுல பாட்டு படிக்கச் சொல்லட்டுமா?"

அம்மாள் தலையாட்டினார். ஒப்புக்கு ஆட்டுகிற ஆட்டமில்லை, நல்ல அழுத்தமான ஆட்டம்.

"தையல்?"

அதற்கும் ஆட்டினார்.

"முதலுதவி வகுப்பு நடக்குதாம். அதையும் சேக்கட்டுமா?"

அதற்கும். சொக்கம்மாளும் நன்றியோடு தலையாட்டினாள். இரண்டு பேரும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டு நின்றது, சம்பந்தம் பேசி முடித்த சம்பந்திகளைப் போல இருந்தது. அந்தத் தைரியத்தில் அவள் மனசிலிருந்ததையும் கேட்டுவிட்டாள்.

"படிக்கிற பிள்ளையை ஆவணியில கட்டிக் குடுக்கலாமா, அம்மா?"

ஜெபமலர் அம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையை உதறினார். கூந்தலிலிருந்த தண்ணீர் சொக்கம்மாளின் முகத்தில் தெறித்தது. அதைத் தீர்த்தம் போலத் துடைக்காமல் வாங்கிக்கொண்டாள் அவள். படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது. அருவிக்குள் அது தனியாகத் தெரியவில்லை.

கரையேறியதும் அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைகூப்பி நின்ற சொக்கம்மாளை யாரோ எவரோ என்று பார்த்துவிட்டு நடந்தார்.

"என்ன அழுத்தம் பாருங்க. ஒண்ணும் நடக்காத மாதிரி போறாவ," என்று வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள் சொக்கம்மாள். "சிபாரிசுன்னு வெளிய தெரியப்படாதுல்லா. அருவிக்குள்ள கேட்டா ஒருத்தருக்கும் கேக்காது. அதான் அங்கன வச்சு மனசுவிட்டுச் சொல்லுதாவ."

"வாயால சொன்னாவளா?"

"வாயால சொல்லுவாவளா? அவ்வளவு பெரிய பதவியில இருக்கவுக."

"மூணுல எதைச் சேக்கச் சொன்னாவ?"

"மூணுக்குந்தான் தலையாட்டினாவ. மூணையும் சேக்கணும்."

"மூணையும் சேத்தா அது பிள்ளையா, பலசரக்குக் கடையா?" என்றார் வல்லிநாயகம். அவர் அந்த மாதத்தில் பேசிய நீளமான வாக்கியம் அது. யாரும் காதில் வாங்கவில்லை.

பாட்டு இலஞ்சியில். கோயிலில் தேவாரம் பாடும் தில்லைநாயகம் ஓதுவார் வீட்டில் காலை வகுப்பு. தையலும், சாயங்கால முதலுதவி வகுப்பும் தென்காசியில். பாட்டு முடிகிற நேரத்தில் தையல் தொடங்கிவிடும். வயசுப் பெண்ணைத் தனியே அனுப்ப முடியாதாகையால் சொக்கம்மாளும் கூடவே நடந்தாள். தாயும் மகளும் இலஞ்சிச் சாலையில் வேர்க்க விறுவிறுக்க ஓடுவதைப் பார்த்தவர்கள், யார் வீட்டில் துக்கமோ என்று விசாரித்தார்கள்.

பலன் என்னவென்றால், ஓதுவார் ஒரு நாள் சொக்கம்மாளைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை தாளம் பிசகாம போடுதா, ஆச்சி. கணக்கு அப்படியே நிக்கி. ஆனா குரல் ஒரே எடத்துல நிக்கி. பாட்டு மட்டும் அது பாட்டுக்கு மேலயும் கீழயும் போவுது."

தையலிலும் கணக்குத்தான் முன்னால் நின்றது. அப்பாவுக்குச் சட்டை தைத்தாள். கை இரண்டும் நூல் பிடித்தாற்போல ஒரே அளவு. கழுத்துக்குக் காம்பஸ் வைத்து வட்டம் போட்டிருந்தாள். வட்டத்தில் குறை சொல்ல முடியாது. வல்லிநாயகத்தின் தலைதான் அதற்குள் நுழையவில்லை. தினமும் பிந்தி வந்தால் வகுப்பில் பெயரை அடித்துவிடுவேன் என்று தையல் டீச்சரும் சொல்லிவிட்டாள்.

"சைக்கிள் இருந்தா நேரத்துக்குப் போயிரலாம்மா," என்று குழல்வாய்மொழி வாயைக் கொடுத்தாள். சும்மா சொன்னாளோ, ஆசைப்பட்டுச் சொன்னாளோ தெரியாது. சொக்கம்மாள் அடுத்த நாள் விடிகாலை அருவிக்குப் போய் அதையும் கேட்டுவிட்டு வந்தாள்.

"சைக்கிளுக்கும் தலையாட்டிட்டாவ. கட்டத்துல அதையும் எழுதிக்கிடு."

வாடகை சைக்கிள் கடை அகமது கபீர் பெண்களுக்கான சைக்கிள் ஒன்றைத் துடைத்து எடுத்துக் கொடுத்து, பழக்கியும் விட்டார். பாவாடை தாவணியோடு ஒரு பெண் சைக்கிளில் போவதும், பின்னால் சேலையைச் சொருகிக்கொண்டு அவள் தாய் ஓடுவதும் தென்காசிக்குப் புதிது. செய்தி அச்சன்புதூருக்கு சைக்கிளைவிட வேகமாகப் போயிற்று.

நாறும்பூநாதன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். இலஞ்சிச் சாலையில் மருமகள் எதிரே சைக்கிளில் வருவதைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நடுச்சாலையில் காலை அகற்றி நின்று, குடையை உயர்த்திப் பிடித்தார்.

"நிறுத்துட்டி."

குழல்வாய்மொழிக்கும் நிறுத்த ஆசைதான். ஆனால் ஓட்டும் பாடம்தான் முடிந்திருந்தது. நிறுத்தும் பாடத்தை மறுநாளைக்கு வைத்திருந்தார் கபீர்.

சைக்கிள் மாமாவைச் சேர்த்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் போய் நின்றது. பெண்ணுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. மாமாவின் கணுக்கால் பிசகிவிட்டது. குழல்வாய்மொழி பதறவில்லை. முதலுதவி வகுப்பில் சொன்னபடியே, வண்டியிலிருந்த குச்சியை வைத்து, பையிலிருந்த அந்தக் கழுத்தில்லாத சட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். நல்ல இறுக்கம். டாக்டர் வந்து அவிழ்ப்பதற்குள் கால் பூசணிக்காய் ஆகியிருந்தது.

"பிசகு சின்னதுதான்," என்றார் டாக்டர். "கட்டுத்தான் பெருசு. கொஞ்ச நாள் அசையாம படுத்திருக்கணும்."

எங்கே படுப்பார்? தங்கை வீட்டில்தான். அண்ணனைப் படுக்கவைத்துவிட்டு, இனிமேல் அவர் கோபம் எப்படி இறங்குமோ என்று சொக்கம்மாள் பயந்தாள். பரிகாரமாக மகளையே அவருக்குப் பணிவிடைக்கு வைத்தாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. குழல்வாய்மொழி கஞ்சி கொடுத்தாள், ஒத்தடம் கொடுத்தாள், பத்திரிகை வாசித்துக் காட்டினாள். மற்ற நேரமெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் கணக்குப் போட்டாள். நாறும்பூநாதன் ஆயுளில் அவரிடம் இவ்வளவு பொறுமையாக யாரும் இருந்ததில்லை. மனிதர் உருகிப்போனார்.

"ஏட்டி சொக்கு, இங்கன வா," என்றார் ஒரு நாள். "இப்படி ஒரு பிள்ளை எந்த வீட்டுல கெடைக்கும்? ஆவணி வரைக்கும் என்னத்துக்குக் காக்கணும்? ஆனியிலேயே முடிச்சிருவோம்."

சொக்கம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கல்யாணத்தைத் தள்ளத்தான் பாட்டு, தையல், சைக்கிள், முதலுதவி எல்லாம். இப்போது அதே கல்யாணம் இரண்டு மாதம் முன்னால் வந்து நின்றது. அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் அடுக்களையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்குப் படிக்கணும்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"படிப்பே," என்றாள் சொக்கம்மாள்.

காலையில் பேரருவிக்கு ஓடினாள். அம்மாள் அங்கே இல்லை. கொஞ்ச நாளாக ஐந்தருவிக்குப் போகிறார் என்று சொன்னார்கள். ஏன் மாற்றினார் என்று யோசிக்கச் சொக்கம்மாளுக்கு நேரமில்லை. குதிரை வண்டி பிடித்து ஐந்தருவிக்குப் போனாள். கரையில் உலகம்மை. தண்ணீருக்கடியில் ஜெபமலர் அம்மாள். சொக்கம்மாள் கட்டிய சேலையோடு உள்ளே புகுந்தாள்.

"அம்மா, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். என் பிள்ளைக்கு உங்க காலேசுல இடம் உண்டா? உண்டுன்னா நான் எங்க அண்ணாச்சிகிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லிருவேன். சொல்லட்டுமா?"

ஜெபமலர் அம்மாள் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, மறுபடி இறுக மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார். ஒரு தடவை இல்லை, பல தடவை.

சொக்கம்மாள் ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்து அண்ணன் கட்டிலுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, என் பிள்ளை காலேசுக்குப் போறா. ஆனியிலயும் கல்யாணம் கெடையாது, ஆவணியிலயும் கெடையாது. அவ படிச்சு முடிச்ச பொறவு அவளே சொல்லட்டும்."

நாறும்பூநாதன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வல்லிநாயகம் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அண்ணனை எதிர்த்து அவள் வாய் திறந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

"யாருட்டி உனக்கு இவ்வளவு தைரியம் குடுத்தது?"

"பிரின்ஸ்பால் அம்மாவே வாக்குக் குடுத்துட்டாவ."

நாறும்பூநாதன் மீசையைத் தடவினார். "வாக்கா? அப்பம் நானும் கூட வாரேன். இடம் இல்லைன்னு அவுக சொன்னா, அங்கனயிருந்தே நேரே பட்டெடுக்கப் போறோம். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் சொக்கம்மாள். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் துணையாக இருந்தது ஐந்தருவியில் ஆடிய அந்தத் தலை ஒன்றுதான்.

பரீட்சை முடிவு வந்தது. குழல்வாய்மொழி பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறியிருந்தாள். கணக்கில் வாங்கியிருந்த மார்க்கைப் பார்த்து, பத்திரிகைக் கடைக்காரர்கூட வல்லிநாயகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொக்கம்மாள் அதற்கெல்லாம் அசையவில்லை. கட்டம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு நாலு பேரும் ரயிலேறினார்கள். நாறும்பூநாதன் கைத்தடி ஊன்றி வந்தார். கல்யாணப் பட்டுக்கு வேண்டிய பணத்தை மடியில் முடிந்துகொண்டும் வந்தார்.

பிரின்ஸ்பால் அறையில் ஜெபமலர் அம்மாள் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் புருவம் உயர்ந்தது.

"பாட்டு, தையல், முதலுதவி, சைக்கிள். ஒரு விடுமுறையில இவ்வளவா? இதுல எது உனக்கு நல்லா வரும்?"

சொக்கம்மாள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணும் வராது, அம்மா," என்றாள் குழல்வாய்மொழி. "பாட்டுல குரல் ஏறல. சட்டை தைச்சேன், அப்பா தலை நுழையல. சைக்கிளை மாமா மேல விட்டுட்டேன். அவுகளுக்குக் கட்டுப் போட்டேன், அதுல கால் வீங்கிட்டு."

எல்லோரும் மாமாவின் காலைப் பார்த்தார்கள். மாமா கூரையைப் பார்த்தார். சொக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கெடுத்தாளே பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. மடியிலிருக்கும் முடிச்சை அண்ணன் தொட்டுப் பார்ப்பது அவளுக்குக் காதிலேயே கேட்பது போலிருந்தது.

ஆனால் கேட்டது ஜெபமலர் அம்மாளின் சிரிப்பு. சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்போ என்னதான் வரும் உனக்கு?"

"கணக்கு வரும், அம்மா."

"அதுதான் மார்க்கிலேயே இருக்கே. கணக்குப் படிக்க வர்ற பிள்ளைகளை நான் தேடிக்கிட்டு இருக்கேன். அந்தக் கட்டத்துல நீ ஒண்ணும் எழுதாம விட்டிருந்தாலும் உன்னைச் சேர்த்திருப்பேன்." பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "போய்ப் பெயரைப் பதிஞ்சுட்டு வா."

நாறும்பூநாதன் கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். வல்லிநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். அது வேர்வை மட்டுமில்லை. சொக்கம்மாளுக்குத் தாங்கவில்லை. மேசைக்கு முன்னால் வந்து கைகூப்பினாள்.

"குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டிய, அம்மா. நீங்க ஒரு சொல் குடுத்திய பாருங்க, அதை நம்பித்தான் எங்க அண்ணாச்சி முன்னால நிமிந்து நின்னேன். இல்லேன்னா எனக்கேது அந்தத் தெம்பு?"

"வாக்கா?" என்றார் ஜெபமலர் அம்மாள். "நான் எப்போ கொடுத்தேன்?"

"அருவியில வச்சுத்தான். நான் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினியளே."

நாறும்பூநாதன் நிமிர்ந்து பார்த்தார். அம்மாள் ஒன்றும் புரியாமல் சொக்கம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாளுக்கு வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்து மேசையில் வைத்த உலகம்மைதான் வாயைத் திறந்தாள்.

"அந்தத் தண்ணி அடிக்கிற அடிக்கு உங்க தலையுந்தானே அப்படி ஆடிக்கிட்டு நின்னுது, ஆச்சி. அப்பம் நீங்க எங்க அம்மாவுக்கு என்ன வாக்குக் குடுத்திய?"